ஜீன்ஸைத் துவைக்கக் கூடாது என்று யார் சொன்னது?

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். "டாக்டர், நீங்க குடுத்த மருந்து கேக்கவே இல்ல" என்றபடி வந்து உட்கார்ந்தார். சட்டையைத் தூக்கினால், பெல்ட் போடும் இடத்தில் இடுப்பைச் சுற்றிக் கோடு போட்டதுபோல் படர்தாமரை, அதாவது பூஞ்சையால் வரும் தோல் நோய். ஓரம் சிவந்து தடித்திருக்கிறது, நடுவில் ஆறியதுபோல் இருக்கிறது. முதல் தடவை வந்தபோது தொடை இடுக்கில் மட்டும்தான் இருந்தது.

"இப்ப போட்டிருக்கிற ஜீன்ஸைக் கடைசியா எப்ப துவைச்சீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "ஜீன்ஸைத் துவைக்கக் கூடாதுல்ல டாக்டர்?"

"சரி, கழற்றினா எங்க வைப்பீங்க?"

"நாற்காலி மேல."

அந்த நாற்காலியை நான் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையுமில்லை. பாதிப் பேர் படுக்கையறையில் அப்படி ஒன்று நிற்கிறது. அடியில் முந்தாநாள் சட்டை, அதன்மேல் ஈரத் துண்டு, அதன்மேல் ஜீன்ஸ், உச்சியில் ஜோடி தொலைந்த ஒரு சாக்ஸ். பீரோவில் வைக்கவும் மனசு வராது, துவைக்கப் போடவும் மனசு வராது. அந்தக் குவியலில் எந்தத் துணி எத்தனை நாள் உடுத்தியது என்று கேட்டால் சொந்தக்காரருக்கே தெரியாது.

இங்கே என்னை ரொம்பச் சோதிக்கும் வாதம் ஒன்று உண்டு: "அழுக்கே தெரியல, நாத்தமும் இல்ல, எதுக்குத் துவைக்கணும்?" முதலில் நாற்றத்தை எடுத்துக்கொள்வோம். வியர்வைக்குத் தனியாகப் பெரிய வாடை கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வாடை கிளம்புகிறது. ஆகவே உங்கள் மூக்கு கண்டுபிடிப்பது அந்த பாக்டீரியாவின் வேலையை மட்டும். பூஞ்சையோடு உதிர்ந்து துணியில் ஒட்டியிருக்கும் தோல் செதில் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் எட்டாது. அதிலிருக்கும் பூஞ்சை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். சென்ட் அடித்துவிட்டால் துணி சுத்தமாகிவிடாது, உங்கள் மூக்கு ஏமாறும், அவ்வளவுதான்.

ஜீன்ஸ் கட்சிக்காரர்கள் உடனே ஒரு பரிசோதனையைக் காட்டுவார்கள். கனடாவில் அல்பெர்ட்டா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 15 மாதம் துவைக்காமல் ஒரே ஜீன்ஸை அணிந்தார். பிறகு அதையே துவைத்து இரண்டு வாரம் போல அணிந்தார். இரண்டு தடவையும் பாக்டீரியா எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். 2011-இல் செய்தியாக வந்தது. உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் எண்ணியது பாக்டீரியாவை, அணிந்தவர் ஒரே ஒருவர், அவருக்குப் படர்தாமரையும் இல்லை. இடுப்பில் படர்தாமரையோடு உட்கார்ந்துகொண்டு அந்தக் கதையை என்னிடம் சொல்லாதீர்கள். ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்பதும் வேண்டாம். குளிரில் பெரும்பாலான கிருமிகள் சாவதில்லை, தூங்கி எழுந்துகொள்ளும்.

நாலு முறை அணிந்தபின் துவைப்பதா, ஐந்து முறையா என்று கணக்குக் கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. வியர்த்ததா, உடம்போடு ஒட்டிக் கிடந்ததா என்று பாருங்கள். உள்ளாடை, சாக்ஸ், உடற்பயிற்சி உடை மூன்றுக்கும் ஒரு தடவைதான், இதில் பேரமே கிடையாது. வியர்க்காமல் இரண்டு மணி நேரம் போட்ட சட்டையைத் தாராளமாக மறுபடி போடலாம். ஆனால் அது நேராக பீரோவுக்குள் துவைத்த துணியோடு போகக் கூடாது. கதவுக்குப் பின்னால் ஒரே கொக்கியில் ஏழு துணியைத் திணிக்கவும் கூடாது. ஒரு கொக்கிக்கு ஒரு துணி, உள்பக்கம் வெளியே தெரியும்படி, காற்று படும் இடத்தில். கொக்கி மூன்று போதும். நான்காவது துணி வந்தால் பழையது ஒன்று துவைக்கப் போகட்டும்.

அழுக்குக் கூடை ஓட்டை உள்ளதாக இருக்கட்டும். மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா பூஞ்சைக்கு விடுதி மாதிரி. ஈரத் துண்டைக் காயவைத்த பிறகே கூடையில் போடுங்கள், தயவுசெய்து.

படர்தாமரை ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. ஒரு முறை உடுத்தினால் துவைக்கத்தான் வேண்டும். நோய் வந்தவரின் துணியும் துண்டும் தனிப் பையில், துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில், வீட்டார் துணியோடு சேராமல். அப்புறம், மருந்துக்கடையில் நீங்களாக வாங்கித் தடவும் அந்தக் கலவை க்ரீமை நிறுத்துங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். நான் பார்க்கும்போது நோயின் உருவமே மாறியிருக்கும்.

கழற்றிய துணியைக் கட்டில்மேல் போடுவதும், கட்டிலுக்கு அடியில் தள்ளுவதும் இன்னொரு வம்பு. மூட்டைப்பூச்சிக்கு உடுத்திய துணியின் வாசம் பிடிக்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2017-இல் சோதித்தபோது, துவைத்த துணிப் பையைவிட அழுக்குத் துணிப் பையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பூச்சிகள் கூடியிருந்தன. பயணம் போய்த் தங்கும் அறைகளில் அழுக்குத் துணியைத் தரையில் குவிக்காதீர்கள். பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையோடு துவைக்கும் இடத்துக்கே கொண்டுபோங்கள், படுக்கையறையில் வைத்துப் பிரிக்க வேண்டாம்.

வீட்டில் யாருக்காவது ஸ்கேபிஸ், அதாவது சிரங்கு வந்திருந்தால், சிகிச்சைக்கு முந்தைய மூன்று நாட்களில் பயன்படுத்திய துணி, விரிப்பு, துண்டு எல்லாவற்றையும் வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பையில் போட்டு இறுகக் கட்டி வையுங்கள். தோலை விட்டு வந்தால் அந்தப் பூச்சி பொதுவாக இரண்டு மூன்று நாளுக்குமேல் தாங்காது, ஆனாலும் நான் ஒரு வாரம் என்றே எழுதிக் கொடுப்பேன். மூன்று நாள் என்றால் இரண்டாம் நாளே பிரித்துவிடுகிறீர்கள்.