தென்னை எந்தப் பக்கம் கிறுகுது?

மட்டக்களப்பு கல்லடியில எங்கட வளவுக்குள்ள ரெண்டு தென்னை நிக்குது, 1978 சூறாவளியில பழசெல்லாம் முறிஞ்சு விழுந்தாப் பிறகு அம்மப்பா ஒரே தாய்மரத்துக் காய முளைக்க வெச்சு நட்டது. ஆனா ஒண்டுல குலையெல்லாம் மட்டைக்கு இடப்பக்கமாச் சரிஞ்சு தொங்கும், மத்ததுல வலப்பக்கமா. காய் பறிக்க ஏறுற அண்ணன்தான் காட்டித் தந்தவர், "இது இஞ்சால கிறுகுற மரம் தம்பி, அது அங்கால" எண்டு. ஓலைகள் மரத்தச் சுத்திச் சுருளா வாற பக்கத்தத்தான் கிறுகுறது எண்டார்.

இதையே ஒரு ஆள் ஆராய்ச்சியா செஞ்சிருக்கார். டி. ஏ. டேவிஸ், தாவரவியல்காரர், ஆனா வேலை பாத்தது கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துல, சுத்திவரக் கணக்குக்காரர். தாய்மரம் எந்தப் பக்கம் கிறுகினாலும் பிள்ளைகள் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி, பரம்பரையே இல்ல எண்டு 1962ல எழுதினார். எண்ணாம இது தெரிய வராது.

அப்ப என்னதான் தீர்மானிக்குது? தென்னைக்கு மாசத்துக்கு ஒரு ஓலை மாதிரி வரும், ஒவ்வொண்டும் முந்தினதுல இருந்து கிட்டத்தட்ட 137.5 பாகை தள்ளி, மரத்துக்கு மரம் கொஞ்சம் முன்னப்பின்ன. போன்ல கால்குலேட்டர எடுத்து 13 ஆல பெருக்குங்க, 1787.5 வரும், அஞ்சு முழுச்சுத்துக்கு 12.5 தான் குறைவு. அதால கிட்டத்தட்ட ஒரு வருசம் கழிச்சு வாற ஓலை பழைய ஓலைக்கு நேர் மேல வந்த மாதிரியே இருக்கும், ஆனா சரியா மேல வராது, கீழ் ஓலைக்கும் வெயில் கிடைக்கும்.

மரத்துக்கு இந்த எண் தெரியாது. குருத்து நுனியில முளைக்கிற ஒவ்வொரு ஓலை மொட்டும் ஆக்சின் எண்ட ஹார்மோன சுத்தியிருக்கிற கலங்கள்ல இருந்து தன்பக்கம் இழுக்கும், அதால பக்கத்துல இன்னொண்டு முளைக்கேலாது, அடுத்தது இடம் கிடைக்கிற பக்கம்தான் வரும். 2006ல சுவிட்சர்லாந்து பேர்ண்ல செடிய வெட்டிப் பாத்த ஆக்களும் கனடா கல்கரியில கணினியில கணக்குப் போட்ட ஆக்களும் சேர்ந்து, இந்த ஒரு விதிய மட்டும் வெச்சே சுருள் வரும் எண்டு காட்டினாங்க. அதுக்கு முதலே 1992ல டுவாடி, கூடர் எண்ட ரெண்டு பிரெஞ்சு இயற்பியல்காரர் செடியே இல்லாம, ஒண்டையொண்டு தள்ளுற காந்தத் துளிகள எண்ணெய்த் தட்டுல சொட்ட விட்டு அதே கோணத்த எடுத்திட்டாங்க. எனக்குப் பிடிச்சது இதுதான்!

முதல் ஒண்டு ரெண்டு ஓலைக்குப் பிறகு அடுத்தது எந்தப் பக்கம் கிறுகுது எண்டது தற்செயல் போலத்தான், மறுகா கடைசி வரைக்கும் அந்தப் பக்கமே.

இதெல்லாம் அண்ணனுக்குச் சொன்னன். "அப்ப அடுத்த ஓலை எங்கால வரும், சொல்லு பாப்பம்" எண்டார். கணக்குப் பாத்து கிணத்துப் பக்கம் எண்டு காட்டியிருக்கன், குருத்து விரியட்டும்.