மண் ஆடினால் சுரங்கமும் ஆடும்

நிலநடுக்கத்தின்போது தரைமேல் நிற்கும் கட்டிடத்தை வதைப்பது பெரும்பாலும் அதன் சொந்த எடைதான். சுரங்கப்பாதையின் கதை வேறு. சுற்றிலும் மண் இறுக்கிப் பிடித்திருப்பதால் தன் போக்கில் ஆட அதற்கு வழியில்லை. மண் போகும் பக்கம் அதுவும் போகும்: வட்டக் குழாய் முட்டை வடிவமாக நசுங்கும், பெட்டி வடிவம் ஒருபக்கமாகச் சரியும். அதனால்தான் கணினியில் இதைக் கணக்கிட உட்காருபவர்களுக்குக் கான்கிரீட்டைவிட மண்ணே அதிகத் தலைவலி.

1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரில் தைகாய் மெட்ரோ நிலையம் இப்படித்தான் விழுந்தது. பக்கவாட்டில் சரிந்த மண், பெட்டி வடிவ நிலையத்தையும் சரித்தது. போதிய குறுக்குக் கம்பி இல்லாத நடுத்தூண்கள் நொறுங்கின. மேலே இருந்த சாலை சுமார் 2.5 மீட்டர் வரை உள்வாங்கியது.

சரி, மண்ணின் விறைப்பு என்ன? பக்கவாட்டில் அசையும் அதிர்வலை அதற்குள் ஓடும் வேகத்தை அளந்து, அதன் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் விறைப்புக் குணகம் கிடைக்கும். கனமீட்டருக்கு 1800 கிலோ எடையுள்ள மண்ணில் அலை நொடிக்கு 200 மீட்டர் ஓடினால், விடை 72 மெகாபாஸ்கல். ஆனால் மண் ஏறக்குறைய அசையாமல் இருக்கும்வரைதான் இந்த எண் செல்லும். ஒரு மீட்டர் தடிமனான மணல் அடுக்கின் தலை, அடியைவிட ஒரே ஒரு மில்லிமீட்டர் நகரட்டும். விறைப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். பசைத்தன்மை மிகுந்த களிமண் இவ்வளவு சீக்கிரம் தளராது.

மண் மாதிரியை ஆய்வகத்தில் முன்னும் பின்னும் அசைத்து, விசையையும் நகர்வையும் வரைந்தால் கோடு போன வழியே திரும்பாது. இலை வடிவில் ஒரு கண்ணி விழும். துகள்கள் உரசித் தின்ற ஆற்றலே அந்தக் கண்ணியின் பரப்பு. அசைவு கூடக்கூட இலை கொழுக்கும், சாயும். அதாவது மண் இளகுகிறது, அதே சமயம் அதிர்வை அதிகம் விழுங்கவும் செய்கிறது. 1970-களில் பரவிய எளிய முறை, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு சராசரி விறைப்பை ஊகித்து, விடை ஒத்துவரும்வரை திரும்பத் திரும்பத் திருத்தும். மிதமான குலுக்கலுக்கு இது போதும். நீர் நிறைந்த தளர்மணலில் போதாது: துகள்களுக்கிடையே நீரழுத்தம் ஏறி மண் குழம்பாகிவிடும், காலியான குழாய் மிதந்து மேலே வரப்பார்க்கும். அங்கே நொடிக்கு நொடி நீரழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டே ஆகவேண்டும்.

பாறையில் சிக்கல் வேறு மாதிரி. கையளவு துண்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், மலையின் பலத்தைத் தீர்மானிப்பவை விரிசல்கள். 1980-இல் வந்த ஹோக்–பிரவுன் விதி, விரிசல்களுக்கு ஏற்பத் துண்டின் பலத்தைக் குறைத்துக் கொள்கிறது.

அப்புறம், கணினியில் உருவாக்கும் நில மாதிரியின் ஓரம். நிஜ நிலத்துக்குச் சுவர் கிடையாது. கணினி மாதிரிக்கு உண்டு. சும்மா விட்டால் அலை அதில் மோதித் திரும்பி, இல்லாத நிலநடுக்கத்தை உண்டாக்கும். அதனால் ஓரங்களில் அலையை விழுங்கும் தணிப்பான்களை வைப்பார்கள். கணக்குக்காக மாதிரியைச் சிறு கட்டங்களாகப் பிரிப்பார்கள்; ஒரு கட்டத்தின் அளவும் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது: மேலே சொன்ன மண்ணில் 10 ஹெர்ட்ஸ் அலைக்கு 2 மீட்டர். நொடிக்கு 2000 மீட்டர் வேகமுள்ள பாறையில் 20 மீட்டர்கூடத் தாங்கும்.

பாறையிலிருந்து மண்ணுக்குள் சுரங்கம் நுழையும் இடத்தை மட்டும் நான் எப்போதும் இரண்டாவது முறை பார்ப்பேன். ஒரு பக்கம் அதிகம் நகரும், மறுபக்கம் அசைய மறுக்கும். நடுவில் மாட்டிய சுரங்கத்தின் உட்சுவர் உறை வளைந்து பிளக்கும். நீளவாக்கில் வெட்டிப் பார்க்காமல் குறுக்குவெட்டை மட்டும் கணக்கிட்டால் இது கண்ணிலேயே படாது.