நிறமி வேறு, நிறச்செல் வேறு

மீனின் தோலில் நிறமிகள் நகர்ந்து வரிகள் உண்டாகின்றன என்று தமிழில் எழுதி எழுதியே அது சரி என்று ஆகிவிட்டது. நிறமி தன் செல்லுக்குள்தான் நகரும். தோலில் இடம் பெயர்வது செல்.

அந்தச் செல்லின் ஆங்கிலப் பெயரான குரோமேட்டோஃபோர் கிரேக்க வழிச் சொல். குரோமா நிறம், ஃபோரோஸ் சுமப்பது. நிறத்தைச் சுமக்கும் செல், அவ்வளவுதான். நிறமி என்பது அந்தச் செல்லுக்குள் இருக்கும் சாயப்பொருள்: கருஞ்செல்லில் மெலனின், மஞ்சள்செல்லில் கரோட்டினாய்டும் டெரிடினும். உள்ளே இருப்பதன் பெயரை மொத்தத்துக்கும் வைத்ததில்தான் குழப்பம் தொடங்குகிறது.

மூன்றாவது வகைச் செல்லுக்கு வந்தால் இந்த வழக்கு அடியோடு உடைகிறது. குளச்சலிலோ முட்டத்திலோ கரைக்கு வரும் சாவாளையைத் தொட்டுப் பாருங்கள். செதிலே கிடையாது, ஆனாலும் விரலில் வெள்ளி அப்பிக்கொள்ளும். அது சாயமல்ல, குவானின் என்ற நிறமில்லாப் பொருளின் மெல்லிய படிகத் தகடுகள். ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வெள்ளியாகத் தெரிகின்றன. இத்தகடுகள் கொண்ட செல்லையும் 'நிறமி' என்றால், சாயமே இல்லாததற்குச் சாயம் என்று பெயர். 'ஒளிர்செல்' என்பதும் பிழை. ஒளிர்வது தானே ஒளி விடுவது. நம் பேச்சிலேயே 'மினுங்கு' இருக்கிறது. மினுங்குச்செல் என்போம்.

குரோமேட்டோஃபோரை 'நிறத்தாங்கி' என்பார் உண்டு. கிரேக்கத்துக்கு நேர்ச்சொல்தான், ஆனால் தமிழ்க் காதுக்குத் தாங்கி என்றால் நின்ற இடத்தில் நிற்பது. நம் பழைய சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல் எங்கே நடந்தது? இச்செல்களின் முன்னோடிகளோ கருவின் முதுகுப்புறத்தில் நரம்பு முகடு என்ற பகுதியில் பிறந்து உடலெங்கும் பயணம் போகின்றன. செல் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், 'நிறச்செல்' போதும். தூய்மைக்காகத் தெளிவை விடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சொல் பிசகினால் அறிவியலே பிசகும். 'வரிக்குதிரை மீன்' என்று எழுதப்படும் டேனியோ ரெரியோவில் கருவரிக்கும் வெளிர்வரிக்கும் எல்லை வகுப்பது இம்மூவகைச் செல்களின் உறவு. மினுங்குச்செல் உருவாகாத மரபணுத் திரிபு மீனில் கருவரி புள்ளிகளாக உடைகிறது. அதே இனத்தின் உறவான முத்து டேனியோவில் மஞ்சள்செல்கள் முன்கூட்டியே, பரவலாக முதிர்கின்றன. கருஞ்செல்கள் ஒன்றுசேர இடமின்றிச் சிதறுகின்றன, வரி மங்கிப்போகிறது. இதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. டேனியோ ரெரியோவிலும் முத்து டேனியோவிலும் சாயங்கள் அவையேதான். மாறியது செல் முதிரும் நேரமும் இடமும். 'நிறமி மாறியதால் வரி மறைந்தது' என்று எழுதினால் கண்டுபிடிப்பே தலைகீழாகிவிடும்.

மொழிபெயர்ப்பவர் வினையைப் பார்த்தாலே போதும். படிந்தது, வெளிறியது என்றால் நிறமி. பிரிந்தது, இடம் பெயர்ந்தது, கிளை நீட்டியது, செத்தது என்றால் நிறச்செல்.

டேனியோ ரெரியோவை 'வரிக்குதிரை மீன்' என்பதும் உறுத்துகிறது. குதிரை எதற்கு? வரிமீன் என்றால் ஆகாதா? அதோடு, தலையிலிருந்து வாலுக்கு ஓடுவதையும் முதுகிலிருந்து வயிற்றுக்கு இறங்குவதையும் 'கோடு' என்று ஒரே சொல்லில் அடைக்கிறார்கள். மீனியலில் இவை இரண்டு. வரிச்சூரையின் வயிற்றில் நீளவாக்கில் ஓடுவது வரி. நெய்மீனின் விலாவில் மேலிருந்து கீழாக இருப்பது குறுக்குப்பட்டை.