ஆராய்ச்சிக்குத்தான் என்றாலும் பெட்டியில் விதை வேண்டாம்

இபாதான், நைரோபி, லாஸ் பான்யோஸ் என்று பன்னாட்டு வேளாண் ஆராய்ச்சி மையங்களுக்குப் பயிற்சிக்குப் போகிறவர்கள் பெங்களூரில் நிறையப் பேர். திரும்பும்போது சட்டைகளுக்கு நடுவே விதைப் பொட்டலம், ஈரத்துணியில் சுற்றிய மரவள்ளிக் குச்சி. எத்தனை முறை சொன்னாலும் இது நிற்கவில்லை.

கேட்டால் பதில் ஒன்றுதான்: "பத்தே விதை, ஆராய்ச்சிக்குத்தானே, விற்கவா போகிறோம்?" நோய்க்கிருமி உங்கள் நோக்கத்தைப் பார்ப்பதில்லை, எடையையும் பார்ப்பதில்லை. வைரஸ் உள்ள ஒரே விதை முளைத்தால் போதும். மீதி வேலையை, செடிக்குச் செடி வைரஸைக் கடத்தும் அசுவினிப் பூச்சி பார்த்துக்கொள்ளும். "ஜீன் பேங்க் (மரபணு வங்கி) விதை, சுத்தமானது" என்பார்கள். அங்கே சாதாரணமாக இருக்கும் நோய் இங்கே புதிது என்பதுதான் பிரச்சினையே. "மருந்து கலந்த விதை" என்பது இன்னும் மோசம். பூஞ்சைக்கொல்லி விதைக்குள் இருக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது. பூஞ்சையையும் அடக்கி வைக்குமே தவிர, முழுதாகக் கொல்லும் என்று சொல்ல முடியாது. அடங்கிக் கிடக்கும் பூஞ்சை சோதனையில் தெரியாது. அதனால்தான் இறக்குமதி விதையைச் சோதிப்பவர்கள் மருந்து படாத விதையைக் கேட்கிறார்கள்.

மரவள்ளி மாவுப்பூச்சியை நினைத்துப் பாருங்கள். தென் அமெரிக்கப் பூச்சி; 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து பயிரைச் சூறையாடியது. 2020இல் திருச்சூரில் தென்பட்டது, பிறகு சேலம், நாமக்கல் தோட்டங்கள். அதை அடக்கும் ஒட்டுண்ணிக் குளவியை பெனினில் உள்ள பன்னாட்டு மையத்திலிருந்து பெங்களூரு தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம்தான் தருவித்தது. முறையான அனுமதி, தடுப்புக்காப்பு (குவாரன்டைன்) கூடத்தில் சோதனை, பெருக்கம், அதன் பிறகே 2022இல் சேலத்தில் விடுவிப்பு. உயிருள்ள பூச்சியே சட்டப்படி கடல் தாண்டி வரும்போது விதைக்கு வழி இல்லையா?

வழி இதுதான். விண்ணப்பம் உங்கள் நிறுவனத்தின் பெயரில் டெல்லி பூசாவில் உள்ள தேசியத் தாவர மரபு வளச் செயலகத்துக்கு (NBPGR) போக வேண்டும். அறிவியல் பெயர், சேகரிப்பு எண், மாதிரிகளின் எண்ணிக்கை, அளவு, நோக்கம் எல்லாம் அதில் இருக்கட்டும். அனுமதி வந்ததும் அதை விதை தரும் மையத்துக்கு அனுப்புங்கள். அந்நாட்டுத் தாவர நலச் சான்றோடு சரக்கு செயலகத்தின் முகவரிக்கே வரட்டும், உங்கள் வீட்டுக்கு அல்ல. அங்கே பயறு விதைக்குள் ஒளிந்த வண்டை எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். ஈரத் தாளில் 22 டிகிரியில் 7 நாள் வைத்துப் பூஞ்சை தேடுவார்கள். தேவைப்பட்டால் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்து, வைரஸைக் கண்டுபிடிக்கும் எலிசா சோதனை. நாளாகும். ஆகவே பயிற்சியின் முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். பூச்சி, நுண்ணுயிர் வளர்ப்பு, மண் என்றால் ஃபரிதாபாத் தாவரப் பாதுகாப்பு இயக்ககத்தைக் கேளுங்கள்.

போகும்போதும் கவனம் தேவை. மாப்பிள்ளைச் சம்பாவை அன்பளிப்பாக எடுத்துப் போகாதீர்கள்; நம் உயிர்வளம் வெளியே போவதைக் கட்டுப்படுத்தும் 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது, நிறுவனத்தைக் கேட்காமல் ஒரு நெல்மணியும் வேண்டாம். திரும்பும்போது, வயலில் போட்ட பூட்ஸை மண் போகக் கழுவிக் காயவைத்து எடுத்து வாருங்கள். பழசென்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஆள் அனுப்பும் துறைத்தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விசாவுக்கு ஒதுக்கும் நேரத்தில் அரை நாளை இதற்கும் ஒதுக்குங்கள்.

ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டீர்களா? தயவுசெய்து முளைக்கவைத்துப் பார்க்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். உறையைப் பிரிக்காமல் இன்னொரு பையில் போட்டுக் கட்டி, தாவரத் தடுப்புக்காப்பு அலுவலரிடம் ஒப்படையுங்கள்.