படுக்கையில் இருப்பவரை வங்கிக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம்

நவம்பர் பிறந்தால், எழுந்து நடக்க முடியாத அப்பாவையோ அம்மாவையோ ஆட்டோவில் ஏற்றி வங்கி வாசல்வரை கொண்டுவரும் பிள்ளைகளை இன்றும் பார்க்கிறோம். ஓய்வூதியர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கான ஆயுள் சான்றுக்காகத்தான் இந்தப் பாடு. இது தேவையே இல்லை.

‘ஜீவன் பிரமாண்’ என்ற மின்னணு ஆயுள் சான்று 2014 நவம்பரில் வந்தது. முதலில் கைரேகை அல்லது கருவிழிப் பதிவு கேட்டார்கள். வயதானவர்களின் தேய்ந்த ரேகை பல நேரம் பதியாது. 2021 நவம்பர் முதல் முகத்தைக் காட்டினாலே போதும். பராமரிப்பவரின் ஆண்ட்ராய்டு செல்பேசியிலேயே இதைச் செய்யலாம். ஜீவன் பிரமாண் செயலி, ஆதார் முகப்பதிவுச் செயலி இரண்டையும் நிறுவி, முதலில் நீங்கள் உங்கள் ஆதாரைக் கொண்டு இயக்குபவராகப் பதிய வேண்டும். பிறகு பெரியவரின் ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைத் தந்து அவர் முகத்தைப் படம்பிடித்தால் சான்று உருவாகிவிடும். காகிதம் எதையும் வங்கிக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. செயலி கண் சிமிட்டச் சொல்லும். மறதி நோய் உள்ளவருக்கு அது புரியாது, அவரை அதட்டாதீர்கள். முகத்தில் வெளிச்சம் படும்படி உட்காரவைத்து, தானாகச் சிமிட்டும்வரை பொறுத்திருங்கள்.

செல்பேசி வேலை கைவராதவர்களுக்குத் தபால்காரர் இருக்கிறார். எந்த வங்கியில் ஓய்வூதியம் வாங்கினாலும், அஞ்சல் வங்கி வழியாக 70 ரூபாய்க் கட்டணத்தில் வீட்டுக்கே வந்து பதிவுசெய்வார்.

இரண்டுமே முடியாத நிலையிலும் வழி உண்டு. 70 வயதைக் கடந்தவர்களுக்கும், உடல் நலிந்தோருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே ஆயுள் சான்று பெறும் வசதியைச் செய்துதர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்பது சலுகை அல்ல.

பணம் எடுப்பதிலும் இதே கதைதான். கையெழுத்துப் போட முடியாத ஓய்வூதியர் கைவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க முடியாதவர், அதே இரு சாட்சிகள் முன்னிலையில் ஏதேனும் ஒரு குறியிட்டால் போதும். பணத்தை யாரிடம் தர வேண்டும் என்பதையும் அவர் குறிப்பிடலாம். படுக்கையில் இருப்பவரின் மருந்துச் செலவுக்கு அவருடைய பணத்தையே எடுக்க முடியாமல் கடன் வாங்கும் குடும்பங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விதி இது.

ஆயுள் சான்று தர மத்திய அரசு ஓய்வூதியர்களுக்குக் காலம் நவம்பர் 1 முதல் 30 வரை. 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். தொழிலாளர் வருங்கால வைப்புநிதி ஓய்வூதியர்கள் ஆண்டின் எந்த மாதத்திலும் தரலாம். அவர்களின் சான்று தந்த நாளிலிருந்து 12 மாதங்கள் செல்லுபடியாகும். காலம் தவறினால் ஓய்வூதியம் நிற்கும். சான்று தந்ததும் நிலுவையோடு திரும்பக் கிடைக்கும்.

மறுமணம் செய்தவர்களும் மீண்டும் பணியில் சேர்ந்தவர்களும் மின்னணுச் சான்றைப் பயன்படுத்த முடியாது. மற்றவர்களும் சான்று எண் வந்தவுடன் வேலை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. ஓய்வூதிய ஆணை எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம் அதை நிராகரிக்கலாம். ஏற்கப்பட்டதா என்று சில நாள் கழித்துப் பாருங்கள்; இல்லையென்றால் சரியான விவரத்தோடு புதிதாக எடுத்துக்கொள்ளலாம்.