அம்புக்குறிக்கு என்ன பொருள்?

லிப்ட் ஒன்றுக்கு மென்பொருள் எழுதப் போகிறோம். நேராக நிரலில் இறங்காமல் முதலில் படம் போடுவோம். கதவுக்கு மூன்று பெட்டிகள்: திறந்திருக்கிறது, மூடிக்கொண்டிருக்கிறது, மூடியாயிற்று. மோட்டாருக்கு இரண்டு: நிற்கிறது, ஓடுகிறது. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைக் காட்ட நடுவே அம்புக்குறிகள். கதவு மூடியதும் மோட்டாருக்கு ஒரு செய்தி போகும். அதைப் படித்ததும் மோட்டார் ஓடும். பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால், செய்தி கிளம்பிவிட்டது, மோட்டார் இன்னும் படிக்கவில்லை. அந்த இடைவெளியில் உள்ளே நிற்பவர் கதவு திறக்கும் பொத்தானை அழுத்துகிறார். கதவு திறக்கிறது. மோட்டார் பழைய செய்தியை நம்பி ஓடுகிறது.

இதைக் கண்ணால் பிடிப்பது கடினம். படத்தில் கதவு ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம். ஆபத்தோ இரண்டும் குறுக்கிடும் நொடியில் இருக்கிறது. இங்கேதான் கணித முறைச் சரிபார்ப்பு கைகொடுக்கிறது. ‘கதவு திறந்திருக்கையில் மோட்டார் ஒருபோதும் ஓடாது’ என்பதைத் தர்க்கச் சூத்திரமாக எழுதிக்கொடுத்தால், மாடல் செக்கர் என்னும் கருவி, லிப்ட் போய்ச்சேரக்கூடிய ஒவ்வொரு நிலையையும் விடாமல் தேடிப் பார்க்கும். 10 மாடி, மாடிக்கு ஒரு பொத்தான் என்றாலே பொத்தான்களுக்கு 1,024 சேர்க்கைகள். லிப்ட் நிற்கும் மாடி, கதவு, மோட்டார் எல்லாம் பெருக்கினால் 61,440. கருவிக்கு இது சின்ன வேலை. ஆனால் பாகங்கள் கூடக்கூட இந்த எண் வெடித்துப் பெருகும். அதைச் சமாளிப்பதுதான் இத்துறையின் பெரிய தலைவலி. இம்முறைக்கு அடித்தளமிட்ட கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் மூவருக்கும் கணினித் துறையின் மிக உயரிய விருதான டியூரிங் விருது 2007-க்குக் கிடைத்தது.

கருவி படத்தைப் படிக்க வேண்டுமானால் அம்புக்குறிக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும். கணினி அறிஞர் டேவிட் ஹாரெல் 1987-இல் வெளியிட்ட ஸ்டேட்சார்ட் முறையில் பெட்டிக்குள் பெட்டி வரையலாம். ஒரே நிகழ்வுக்கு உள்பெட்டியிலிருந்தும் வெளிப்பெட்டியிலிருந்தும் அம்புகள் கிளம்பினால் எது வெல்லும்? ஹாரெல் குழுவின் ஸ்டேட்மேட் கருவியில் வெளியம்பு. மென்பொருளைப் படமாக வரையப் பின்னர் வந்த பொது வரைமொழியான யுஎம்எல்லில் உள்ளம்பு. படம் ஒன்று, நடத்தை இரண்டு! இதை முன்கூட்டியே தீர்மானிக்காமல் வரைந்த படத்தை நான் நம்ப மாட்டேன். ஏர்பஸ் ஏ380-இன் பறப்புக் கட்டுப்பாட்டுக்குப் பயன்பட்ட ஸ்கேட் கருவியில் இந்தக் குழப்பம் இல்லை: திரையில் தெரிவது கட்டப்படம், அடியில் இருப்பது கணிதப் பொருள் துல்லியமாக வரையறுக்கப்பட்ட மொழி.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அப்புறம்தான் வருகிறது. தவறு அகப்பட்டதும் கருவி அதை வெறும் சூத்திரமாகக் காட்ட வேண்டியதில்லை. நாம் போட்ட படத்திலேயே அம்பு அம்பாக ஒளிரவைத்து, இந்த வழியாகத்தான் விபத்து நடக்கும் என்று நடத்திக் காட்டலாம். தர்க்கம் படிக்காதவருக்கும் உடனே புரியும்.

சரி, மோட்டார் நிற்பதை உறுதிசெய்த பிறகே கதவு திறக்கும் என்று மாற்றுகிறோம். சூத்திரம் தேறுகிறது. அடுத்து, ‘அழைத்தால் லிப்ட் என்றைக்காவது வந்தே தீரும்’ என்று கேட்கிறோம். கருவி ஒரு சுழலை ஒளிரவைக்கிறது: யாரோ கதவு திறக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறார், லிப்ட் கிளம்பவே இல்லை. இந்தமுறை எந்த அம்பும் தவறில்லை. எத்தனை முறை அழுத்த விடலாம் என்பதை நாம்தான் உட்கார்ந்து பேசி முடிவுசெய்ய வேண்டும்.