சுருட்டு: சொல்லும் அதன் சுவைச்சொற்களும்

சுருட்டு என்பது புகையிலையைப் புகையிலையாலேயே சுற்றிச் செய்த புகைபொருள். தாளில் பொதிந்தால் அது சிகரெட். வேற்று மரத்தின் இலையில் பொதிந்தால் பீடி. உள்ளும் புறமும் ஒரே செடியின் இலையாக இருப்பதுதான் சுருட்டின் இலக்கணம். சிகார் என்று உயர்வாகவும் சுருட்டு என்று தாழ்வாகவும் இன்று வழங்கும் இரு பெயர்களும் இந்த ஒரே பொருளைத்தான் குறிக்கின்றன.

சுருள் என்பது தன்வினை. சுருட்டு அதன் பிறவினை. உருள் உருட்டு என்றும், திரள் திரட்டு என்றும் வருவது போன்ற அமைப்பு இது. சுருட்டும் தொழிலின் பெயரே சுருட்டப்பட்ட பொருளுக்கு ஆகி வந்திருப்பதால் இலக்கணத்தார் இதைத் தொழிலாகுபெயர் என்பர். பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடியவனுக்கும் இதே வினைதான், ஆனால் அவன் எடுத்துச் சென்ற பணம் சுருட்டு ஆவதில்லை. தென்மாவட்டத் திருமணங்களில் வெற்றிலையோடு வைத்துக் கொடுக்கும் பணத்தைச் சுருள் என்பதும் இந்த வேரிலிருந்து வந்ததே. பீடி என்னும் சொல்லை வெற்றிலைச் சுருளைக் குறிக்கும் வடசொல்லான வீடிகாவோடு அகராதிகள் இணைப்பதால், வெற்றிலையைச் சுருட்டிய பழக்கமே புகைபொருள்களுக்குப் பெயர் தேடிக் கொடுத்தது என்று கொள்ள இடமுண்டு.

இச்சொல் கடல் கடந்தும் சென்றிருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் ஏறிய ஷெரூட், போர்த்துகீசியத்தில் இன்றும் வழங்கும் ஷரூட்டு ஆகிய இரண்டையும் அகராதிகள் தமிழ்ச் சுருட்டிலிருந்தோ மலையாளச் சுருட்டிலிருந்தோ வந்தவை என்று காட்டுகின்றன. 1949 வரை திருவிதாங்கூரிலும் பின்னர் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த குமரி மாவட்டத்தாருக்கு இந்த இரண்டுக்கும் இடையில் வழக்காட வேண்டிய தேவையில்லை. இம்மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் முதலெழுத்தை அழுத்தி வல்லினமாகவே சொல்லும் வழக்கம் இருப்பதால், மாலுமிகளின் காதில் விழுந்த ஒலி எப்படி இருந்திருக்கும் என்பதை இங்கே எளிதில் உணரலாம். யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் பெரிய அளவில் கப்பலேறி வந்ததும், அந்த வணிகம் நெடுங்காலம் அரசின் ஏகபோகமாக இருந்ததும் வரலாறு.

சிகார் என்பது ஸ்பானியத்தின் சிகார்ரோ. அது சுருட்டிய புகையிலையைப் புகைத்தலைக் குறிக்கும் மாயன் மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்பர் பலர். சில்வண்டைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லோடு உறவு காட்டுவாரும் உளர். வணிகத்தில் ஷெரூட் என்றால் இரு முனையும் வெட்டித் திறந்திருக்கும் உருளை. சிகார் என்றால் ஒரு முனை மூடி, வெட்டிப் புகைப்பது. இந்த வேறுபாட்டைக் காக்க விரும்புவோர் சிகாரை முனைமூடிய சுருட்டு என்று எழுதலாம். ஆனால் கியூபாவின் விலையுயர்ந்த சிகாரையும் போர்த்துகீசியர் ஷரூட்டு என்றே அழைக்கும்போது, அதைச் சுருட்டு என்று சொல்லத் தமிழர் கூசுவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. கையால் செய்ததைக் கைச்சுற்றுச் சுருட்டு எனலாம். கைச்சுற்று முறுக்கை அறிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

கைச்சுற்றுச் சுருட்டில் மூன்று அடுக்குகள் உண்டு. நடுவில் நீளவாக்கில் மடித்து வைத்த முழு இலைகள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் இலை, எல்லாவற்றுக்கும் மேல் நரம்பு தெரியாத மெல்லிய இலை. ஸ்பானியர் இவற்றை முறையே திரிப்பா, கப்போத்தே, கப்பா என்பர். தமிழில் உள்ளிலை, கட்டிலை, மேலிலை என்றாலே போதும்.

மொழிபெயர்ப்பவரை உண்மையில் திணற வைப்பது சுவைத்து மதிப்பிடும் கலையின் சொற்கள். புகை வாய்க்குள் எவ்வளவு தடையின்றி வருகிறது என்பதே முதல் சோதனை. பற்றவைக்கும் முன்பே வெறுமனே உறிஞ்சி இதைப் பார்ப்பார்கள். உள்ளிலையை அளவுக்கு மீறித் திணித்திருந்தால் கன்னம் குழிய உறிஞ்சினாலும் புகை வராது. தளர்வாக இருந்தால் சூடேறி விரைவில் எரிந்துவிடும். இத்தன்மைக்கு இழுப்பு என்று பெயரிட்டால் மூச்சிரைப்பு நோய் நினைவுக்கு வருகிறது. குமரிப் பேச்சில் பீடி வலிப்பது, கரைமடி வலையை வலிப்பது என்று இழுத்தலின் பழைய வினை உயிரோடு இருந்தாலும், அதன் பெயர்ச்சொல்லான வலிப்பு அதைவிடக் கொடிய நோயாகிவிட்டது. எஞ்சுவது இழுவை. குமரியின் மீன்பிடித் துறைமுகமான சின்னமுட்டத்தில் அதைச் சொன்னால் இழுவை வலையை எண்ணுவார்கள் என்றாலும், நோயைவிட வலை மேல்.

அடுத்தது, பலரும் ஒன்றெனக் குழப்பும் இரண்டு பண்புகள். நிக்கோட்டின் தலையிலும் வயிற்றிலும் காட்டும் வேகம் ஒன்று. புகை நாவில் உணர்த்தும் கனம் மற்றொன்று. முன்னதற்குக் காட்டம் என்ற சொல் புகையிலையோடு தொன்றுதொட்டு ஒட்டியிருக்கிறது. பின்னதற்கு, மார்த்தாண்டத்துச் சாயாக்கடையில் திடமான தேநீர் வேண்டி ‘கடுப்பமா ஒரு சாயா’ என்று கேட்பவர் பயன்படுத்தும் கடுப்பம் பொருந்தும். காட்டம் குறைந்து கடுப்பம் மிகுந்த சுருட்டும் உண்டு என்பதால் இரண்டு சொற்களும் தேவை.

சுருட்டுப் புகையை நுரையீரலுக்குள் இழுப்பதில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை அளவில் வாயில் வாங்கி, சற்று நிறுத்தி, சிறு பகுதியை மூக்கு வழியே விட்டு மணத்தை அறிவார்கள். (உள்ளிழுக்காவிட்டாலும் வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு அது காரணமாகும்.) மரம், மிளகு, தோல், காப்பி என்று மேலைநாட்டார் உவமைகளை அடுக்குவர், நமக்கோ துவர்ப்பு என்ற ஒரு சொல், கொல்லாம்பழத்தை (முந்திரிப்பழத்தை) கடித்தவனின் நாக்கு இறுகும் உணர்வை நேராகச் சொல்லிவிடுகிறது. சரியாகப் புளிக்க வைக்காத இலையில் அம்மோனியா தங்கித் தொண்டையைச் சுரண்டுவதற்கு, கருணைக்கிழங்கும் கெட்டுப்போன எண்ணெயும் நமக்குத் தந்திருக்கும் காறல் என்ற சொல் போதும். காரல் மீனின் எழுத்து வேறு. அச்சில் மாற்றிப் போட்டுவிடக் கூடாது.

சுருட்டை வைத்துக் காக்கும் பெட்டிக்கு ஈரப்பெட்டி என்று சிலர் எழுதுகிறார்கள். உள்ளே 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதத்தை நிலைநிறுத்துவது அதன் வேலை. வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த செட்ரெலா மரப்பலகையை அதற்கு விரும்புவர். இரண்டு பருவமழையும் நனைக்கும் குமரி மாவட்டத்திலோ காற்றின் ஈரம் பெரும்பாலும் அந்த அளவை மீறியே இருக்கும். அங்கே அப்பெட்டி ஈரத்தைக் கூட்டுவதை விட்டுக் குறைத்தாக வேண்டும், தவறினால் பூசணம் பிடிக்கும், வெப்பம் மிகுந்தால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டைகளும் பொரியும். ஆகவே பதப்பெட்டி என்பதே என் தேர்வு.